பதின்மூன்றாம் திருத்தம்

வெள்ளவத்தை, ஹம்டன் லேன்.
கீழே புடவைக்கடை, மூன்றாம் மாடியில் எங்கள் கந்தோர்.
லிஃப்ட் பழுது.
ஏசி இருபத்திரண்டில்.
நான் மலை வரைகிறேன்.

எந்த நாட்டு மலை என்று வெளியில் சொல்லக்கூடாது,
ஒப்பந்தத்தில் இருக்கிறது.
சின்ன மலைதான். ஒரேயொரு கயிறு,
அதில் தொங்கும் நாற்பத்தொரு கதிரை,
அடிவாரத்தில் சூப் விற்கும் மரவீடு.
அதைப் பெருப்பிக்க வேண்டுமாம்:
இரண்டாவது கயிறு, எண்பது அறை,
முந்நூறு காருக்குத் தரிப்பிடம்.

மரங்கள் தனியாக ஒரு பச்சை அடுக்கில் இருக்கின்றன.
அடுக்கை அணைத்தால்
சறுக்குகிறவர்களுக்குச் சரிவு வழுவழுவென்று வரும்.
முதல்தரம் அணைத்துவிட்டு
கொஞ்ச நேரம் எழும்பி நின்றேன்.
பிறகு பழகிவிட்டது.

பனி என்றால் எங்களுக்கு
மார்கழி விடியலில் தலையில் துவாய் போடவைக்கிற சாமான்.
நுவரெலியாவில் ஒருநாள் புல்லில் வெள்ளையாய்க் கண்டேன்,
ஏழரைக்கெல்லாம் வெயில் துடைத்துவிட்டது.
அந்த வெள்ளையைத்தான் மலை முழுக்கப் பூசியிருக்கிறேன்.
‘இன்னும் குளிராக’ என்று எழுதுகிறார்கள்.
நீலம் ஒரு சொட்டுக் கூட்டி அனுப்புகிறேன்.

நேற்றுக் கோப்புக்குப் பெயர் வைத்தேன்:
பதின்மூன்றாம் திருத்தம்.
பக்கத்துக் கதிரை லக்‌ஷித எட்டிப் பார்த்து
விழுந்து விழுந்து சிரித்தான்.
‘அது பேப்பர்ல மட்டும்தான் இருக்கும், சுதர்ஜினி.’
நானும் சிரித்தேன்.
அவனைவிட ஒரு நொடி முந்தி நிறுத்தினேன்.

திருத்தம் இதுதான்:
இந்த வருஷமும் பனி காணாதாம்.
இயந்திரத்தால் பனி செய்து தூவ
மலை இடுப்பில் ஒரு குளம் வேண்டுமாம்.

குளமா?
அணை எந்தப் பக்கம் தடிக்க வேண்டும்,
துருசு எங்கே, நிரம்பினால் வான் எப்படிப் பாயும்,
ஒன்றையும் தேடிப் பார்க்கவில்லை.
வவுனியாக்காரி நான்.
பன்னிரண்டு தரம் திருப்பி அனுப்பியவர்கள்
குளத்தில் மட்டும் கைவைக்கவில்லை.
இரண்டாவது கயிற்றை வெட்டச் சொன்னார்கள். காசு இல்லையாம்.
அறைகள் இருபதாயின.
மரங்களை மறுபடி எரியவிட்டேன்,
முழுவதையும் அல்ல, தரிப்பிடம் போக மிச்சத்தை.

ஆறு மணிக்குப் படியால் இறங்கி வந்தால்
காலி வீதி மழையில் ஊறிக் கிடக்கிறது.
சந்தை வாசலில் மீன்காரர்
பெட்டியில் மிஞ்சிய ஐஸை வாய்க்கால் ஓரம் கொட்டுகிறார்.
முழங்கால் உயரம்.
சரிவு இருபத்தெட்டுப் பாகை இருக்கும்.

உச்சியிலிருந்து ஒரு செதில்
வளைந்து வளைந்து இறங்கத் தொடங்குகிறது.
நூறாம் நம்பர் பஸ் ஹோர்ன் அடிக்கிறது.
போகட்டும், அடுத்தது வரும்.
செருப்பு நனைய நிற்கிறேன்,
அது அடிவாரம் சேரட்டும்.