கோப்பிக் கொட்டை

தவமணி, ஐம்பத்தொன்பது வயது.
இடது சூலகம், பதினொரு சென்ரிமீற்றர்.
மூடி சரியாகப் பூட்டாத வாளியில்
ஃபோமலின் தளும்பத் தளும்ப வந்து சேர்ந்தது.
பதுளையில் அன்றைக்கு விடாத மழை,
நமுனுகுலை காணாமல் போயிருந்தது.

வெட்டினேன். உள்ளே மஞ்சள்,
இடையிடையே பழைய இரத்தம் தேங்கிய குழிகள்.

படிவத்தில் வாட்டு டொக்டரின் அவசரக் கையெழுத்து:
விலக்கு நின்று எட்டு வருடம், மீண்டும் போக்கு.
அதில் இல்லாததைத் தாதி சொன்னாள்.
முதல் மாதம் யாருக்கும் சொல்லாமல்
பழைய சேலையைக் கிழித்தாளாம்.
அடுத்த மாதம் மார்பு கனத்ததாம்.
கொழுந்து நிறுக்கப் போகும்முன்
கண்ணாடியில் ஒருதடவை கூடப் பார்த்தாளாம்.
இதைச் சொல்லும்போது மட்டும் சிரித்தாளாம்.

கண்ணாடித் தட்டில் ஊதாவும் ரோசுமாய்க் கலங்கள்,
நடுவில் ஒரு ரோசுத் துளி, சுற்றிலும் வளையமாய்க்
குந்திக்கொண்டு
முட்டையில்லாத கூட்டை அடைகாக்கின்றன.
ஒவ்வொரு கருவிலும் நெடுக்கே ஒரு வெடிப்பு.
கோப்பிக் கொட்டை என்கிறது பாடப்புத்தகம்.

கோப்பி!
இலைத்துரு விழுந்து இந்த மலையில் அது செத்து
நூற்றைம்பது வருடம் ஆகப்போகிறது.
அதற்கென்று கப்பலில் ஏற்றி வந்த ஆட்களைத்தான்
பிறகு தேயிலைக்குத் திருப்பினார்கள்.
அவர்கள் வழியில் வந்த ஒருத்தியின் அடிவயிற்றில்
காடாய் விளைந்து கிடக்கிறது,
நிறுக்க ஆளில்லாமல்.

புத்தகத்தில் அடுத்த பக்கம் இதன் பங்காளி,
குரலைத் தடிப்பாக்கி மீசை அரும்ப வைப்பது.
போன வருடம் பண்டாரவளையிலிருந்து
பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒன்று
சால்வையால் தாடையை மூடிக்கொண்டு வந்தது.
கட்டி எடுத்தபிறகும் குரல் முழுதாய்த் திரும்பவில்லை.
தொலைபேசியில் எல்லாரும் 'தம்பி' என்கிறார்களாம்.

இன்ஹிபின் சாயம் எங்களிடம் முடிந்துவிட்டது.
மெழுகுக் கட்டியைக் கண்டிக்கு அனுப்பி
மூன்று கிழமை காத்திருந்து எழுதினேன்:
கிரனுலோசா கலக் கட்டி, பெரியோர் வகை,
உறை கிழியவில்லை.

ரிப்போட் வாங்க அவளே வந்தாள்.
"புத்துநோயா மிஸ்?"
ஓம், ஆனால் மெதுவானது.
முழுதாய் எடுத்தாயிற்று.
இருபது வருடம் கழித்தும் திரும்பக்கூடும்,
வருடா வருடம் வந்து காட்ட வேண்டும்.
"பஸ் காசு?" என்றாள்.
என்னிடம் பதில் இல்லை.
காகிதத்தை எட்டாய் மடித்துச்
சுருக்குப் பையில் வைத்தாள். கதவுவரை போய் நின்றாள்.
"அது... இனி வராதுதானே?"
"வராது."
"ம்."

எந்த அர்த்தத்தில் கேட்டாள் என்று கேட்க வாயெடுத்தேன்.
மூன்றரை பஸ் ஹோர்ன் அடித்தது.
தையல் போட்ட வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு
மழைக்குள் ஓடிக்கொண்டிருந்தாள்.