ஒன்பதே கால்

புரசைவாக்கத்தில் ஒரு ஸ்கேன் சென்டர்.
மாடிப்படிக்குக் கீழே என் அறை.
பதினோரு வருடமாக
அடுத்தவர் நெஞ்சில் பசை தடவி
அது போடும் கோட்டைக் கிழித்துக் கொடுக்கிறேன்.
"எப்படிம்மா இருக்கு?" என்பார்கள்.
"டாக்டர் சொல்வார்" என்பேன்.
தெரிந்தாலும் அதுதான் பதில்,
தெரியாவிட்டாலும்.

இன்னொரு கோடு இருக்கிறது,
அதற்கு டாக்டர் இல்லை.
ஒன்பதே காலுக்குச் சந்தை திறக்கும்போது
போனை மிஷின்மேல் சாய்த்து வைப்பேன்.
பச்சை, சிவப்பு, பச்சை.
மெழுகுவர்த்தி என்கிறார்கள்.
எனக்கு அவை
டவுட்டன் சிக்னலில் முட்டி நிற்கும் பஸ்கள்.
கீழே நீண்ட திரி
படிக்கட்டில் தொங்கும் கால்:
விழப்போய் ஏறிக்கொண்டவன்.
மேலே நீண்ட திரி
பஸ் டே அன்று கூரை ஏறி
போலீசைக் கண்டதும் குதித்து ஓடிய பையன்கள்.

நான்கு மாதமாக ஒரு பம்பு கம்பெனியைப் பார்க்கிறேன்.
இருநூற்றுப் பன்னிரண்டில் யாரோ வாங்குகிறார்கள்.
இருநூற்று நாற்பதில் யாரோ விற்கிறார்கள்.
மேல்வீட்டுக் காலடி மாதிரி,
ஆளைத் தெரியாது, நேரம் தெரியும்.
நடுவில் வாரக்கணக்கில் தட்டை.
என் அறையில் கோடு தட்டையானால்
முதலில் ஒயரைப் பார்ப்பேன்,
அப்புறம் முகத்தை.
சார்ட்டில் தட்டையானால்
டீ குடிக்கப் போகலாம்.

செவ்வாய்க்கிழமை முதல் டோக்கன் தேவ்ராஜ் போத்ரா.
வேப்பேரி. வயது அறுபத்தொன்று. பாத்திர வியாபாரம்.
பத்து ஒயரும் மாட்டியாயிற்று.
"அசையக் கூடாது சார்."
அசையவில்லை.
கண் மட்டும் என் போனுக்குப் போனது.
"அந்தப் பம்பா?"
"நீங்களுமா?"
"போன மாசம், இருநூத்தி முப்பத்தெட்டுல.
பன்னிரண்டாயிரம் பங்கு."

அப்போதுதான் அது நாற்பதைத் தாண்டியது.
அடியில் வால்யூம் கம்பங்கள்
ஒன்றன்மேல் ஒன்று எகிறின.
நாற்பத்தொன்று. நாற்பத்து மூன்று.
காகிதத்தில் அவருடைய மலைகள் நெருங்கின,
நிமிடத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு.
கோடெல்லாம் நடுக்கம்.
"பத்து நிமிஷம் படுங்க, இன்னொன்று எடுக்கணும்"
என்று சொல்லிக்கொண்டே
பசை ஒட்டிய கட்டைவிரலால்
நானும் வாங்கினேன்.
சீட்டு எடுத்த பணம். நூற்றைம்பத்தாறு பங்கு.

பத்து நிமிடத்தில் கூரையில் யாருமில்லை.
முப்பத்தெட்டு. முப்பத்தைந்து.
முப்பத்து மூன்றில் நான் போட்டிருந்த ஸ்டாப்
என்னைக் கேட்காமல் என்னை வெளியே தள்ளியது.
ஆயிரத்து ஐந்நூற்று அறுபது ரூபாய்.
ஒரு மாதக் கரண்ட் பில்.

"ஸ்டாப் போடலையா சார்?"
"போட்டேன்மா.
பக்கத்துல வந்தா கீழ நகர்த்துவேன்.
நாலு தடவை நகர்த்தியாச்சு."
சிரித்தார். நெற்றி வேர்த்திருந்தது.
ஃபேன் ஐந்தில் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது காகிதத்தில் நடுக்கம் இல்லை.
ஆனால் ஒவ்வொரு மலை இறங்கியதும்
கோடு பழைய மட்டத்துக்கு வராமல்
ஒன்றரைக் கட்டம் கீழேயே நடந்தது.
கோடு நடக்கப்போவதைச் சொல்லாது,
எங்கே பிடி நழுவியது என்று
குறித்து மட்டும் வைக்கும்.

"எப்படிம்மா இருக்கு?" என்றார்.
எதைக் கேட்டார் என்று இன்றுவரை தெரியாது.

"டாக்டர் சொல்வார்."
ஆனால் காகிதத்தை ட்ரேயில் போடவில்லை.
செருப்புகூடப் போடாமல்
நானே எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன்.
வீல்சேர் வந்தது.
அவர் போன் பெட்டிலேயே கிடந்தது,
சிவப்பாய் மின்னிக்கொண்டு.
ஓடிப்போய் மடியில் வைத்தேன்,
திரை கீழே பார்க்க.

வியாழக்கிழமை பம்பு
இருநூற்றுப் பதின்மூன்று வரை போய்
தொட்டுத் திரும்பியது.
கீழே நீளமாய் ஒரு திரி.
படிக்கட்டில் ஒரு கால்.
அது போத்ராவுடையது என்று
நினைத்துக்கொண்டேன்.

வாங்கவில்லை.
டோக்கன் இரண்டைக் கூப்பிட்டேன்.