எட்டு

பாண்டான் லூப், ஆறாவது மாடி.
சரக்கு லிஃப்ட் எழும்போதெல்லாம்
திரையில் கோடு லேசாக நடுங்கும்.
அது நிற்கும்வரை காத்திருப்பேன்.

முதலில் மெருகு.
ஈரத் துணியில் அலுமினாப் பொடி,
அதன்மேல் கரி மின்வாயைக் கவிழ்த்து
எட்டு எட்டாக வரைய வேண்டும்.
வட்டம் போட்டால் ஒருபக்கம் தேயும் என்றாள்
ஹிதாயா, நான் சேர்ந்த முதல் வாரம்.
இப்போது பேருந்திலும் என் விரல்
முழங்காலில் எட்டு போடுகிறது.

இன்றைய மாதிரி கலமான்சி பானம்.
போத்தலில் ஒரு சூரியன் சிரிக்கிறது.
நூறு மில்லியில் முப்பது மில்லிகிராம்
வைட்டமின் சி என்கிறது சீட்டு.

மூன்று கம்பிகளை இறக்கினேன்.
ஒன்று கேட்கும், ஒன்று ஈடு கொடுக்கும்,
வெள்ளிக் கம்பி மட்டும்
எதிலும் பட்டுக்கொள்ளாமல் சாட்சி நிற்கும்.
வோல்ட்டை மெல்ல ஏற்ற ஏற்ற
ஒவ்வொரு மூலக்கூறும்
தன்னிடமிருந்த இரண்டு எலெக்ட்ரானை
அவிழ்த்து வைத்துவிட்டுப் போகிறது.
அதைத்தான் எண்ணுகிறோம்.
இருக்கிறதா என்று கேட்பதற்கே
இழக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மலை வரவேண்டிய இடத்தில்
ஒரு மேடு.
பதினொன்று.

மறுபடி மெருகு. எட்டு, எட்டு, எட்டு.
தெரிந்த அளவைச் சொட்டிப் பார்த்தேன்;
சொட்டிய அளவுக்குச் சரியாகக் கூடியது.
கருவி பொய் சொல்லவில்லை.
பதினொன்றுதான்.

நான்கு மணிக்குத் திரு. கோ அழைத்தார்.
"பழம் நல்ல பழம், மிஸ் வதனா.
கொள்கலன் துவாஸில் ஒன்பது நாள் நின்றுவிட்டது.
அங்கே நிழலே இல்லை."
வெயில் எடுத்துக்கொண்டதற்கு ரசீது தருவதில்லை.
"முப்பதுக்குப் பக்கத்தில் ஏதாவது…"
அவர் முடிக்கவில்லை. நானும் உதவவில்லை.

மதியம் வாங்கிய கொய்யாத் துண்டு
பையில் மீதமிருந்தது, அசாம் பொடியோடு.
பொடியைக் கழுவி, நசுக்கி, வடிகட்டி,
ஏனென்று தெரியாமலே ஓட்டிப் பார்த்தேன்.
கோடு ஏறியது, ஏறியது,
திரையின் மேல்விளிம்பில் முட்டித் தட்டையானது.
ஒரு வெள்ளி ஐம்பது காசு.
சீட்டு ஒட்டாத பழம்.

"இதற்கு ரிப்போர்ட் யாருக்கு அனுப்புவாய்?"
ஹிதாயா மிச்சத் துண்டைக் கடித்தபடி கேட்டாள்.

கையெழுத்துக்கு முன்
பேனா தாளைத் தொடாமல்
காற்றில் ஒரு எட்டு போட்டது.
முப்பதை எட்டாத எண்ணை
எட்டாததாகவே எழுதினேன்.

சரக்கு லிஃப்ட் எழுந்தது.
கோடு நடுங்கியது.
இந்த முறை காத்திருக்கவில்லை.