பதினொன்று வரை

மாடி அறை வாடகைக்கு என்று
ஜன்னலில் அட்டை வைத்த மூன்றாம் நாள்
எக்பர்ட் லாசெல்ஸ் வந்தார்.
அறையைச் சுற்றிப் பார்த்தார்,
ஜன்னலைத் திறந்து மூடினார்.
சுடுதண்ணீர்க் குழாயைத் திருகிவிட்டு
விரல் நனைய நின்றபடி எண்ணினார்,
பதினொன்று வரை.
"பரவாயில்லை, எங்க டெப்போவைவிட வேகம்."

அப்போதுதான் குரல் பிடிபட்டது.
டெர்பியில் முப்பத்து நான்கு வருடம்
நிறுத்தங்களின் பெயர் சொன்ன குரல்.
பள்ளிச் சமையலறை வேலைக்கு
நான் ஏறிய ஆறு இருபது பேருந்து.
பாஸை வீட்டில் விட்டுவந்த ஒரு ஜனவரி
பையைக் குடைந்துகொண்டு படியில் நின்றவளிடம்
"ஏறுங்கம்மா, குளிர் உள்ள வருது,
கதவைச் சாத்தணும்" என்றார்.
அவ்வளவுதான்.
அவருக்கு அது நினைவில்லை. நானும் சொல்லவில்லை.

சொல்வதற்குப் பதில்
ஏஜென்சி தந்த படிவத்தை எடுத்து வைத்தேன்.
பட்டியல் ஒன்று. பட்டியல் இரண்டு.
அசல் தாள், ஆள் எதிரில் இருக்க,
படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டு,
நகல் எடுத்து, தேதி போட்டு.

அவர் ஒரு துணிப்பையைக் கவிழ்த்தார்.
சம்பளச் சீட்டுகள், ரப்பர் வளையம் போட்டு.
தொழிற்சங்க அட்டை.
நீண்ட சேவைக்குக் கம்பெனி கொடுத்த கைக்கடிகாரம்,
ஓடிக்கொண்டிருந்தது.
ஒரு பள்ளிக்கூடப் படம்,
இரண்டாம் வரிசையில் கண்ணை மூடிவிட்ட பையன்.

"பாஸ்போர்ட்?"

"அம்மாவோடதுல நான் ஒரு வரி.
ஆண் குழந்தை ஒன்று, வயது ஆறு.
கிங்ஸ்டன்ல கப்பல் ஏறும்போது எழுதினது.
அந்த வரியைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்."

சிரித்தார். நான் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

போனில் ஏஜென்சிப் பையன் அவசரத்தில் இருந்தான்:
"நல்ல மனுஷன்னு எழுத அதுல கட்டம் இல்ல.
அபராதம் நீங்கதான் கட்டணும்.
வேற ஆள் இருக்கு, அனுப்பட்டுமா?"

நான் பாஸ்போர்ட் எடுத்ததே இல்லை.
ஸ்கெக்னஸ் கடற்கரையைத் தாண்டி எங்கும் போனதில்லை.
பிறப்புச் சான்றிதழ்
என் அக்காவிடம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.
அறுபத்தேழு வயதுவரை
யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை.
கேட்காததைத்தான் ஊர் என்று
நினைத்துக்கொண்டிருந்தேனோ என்னவோ.

"சொல்லி அனுப்புகிறேன்" என்றேன் அவரிடம்.
அந்த வாக்கியத்தை அவர் ஏற்கெனவே கேட்டிருந்தார்.
எங்கே இறங்க வேண்டும் என்று தெரிந்தவராய்
கடிகாரத்தை முதலில் எடுத்து வைத்தார்,
பிறகு படம், பிறகு சீட்டுகள்.
வாசலில் திரும்பி,
"அந்தக் குழாய்க்கு வாஷர் மாத்தணும்" என்றார்.

இப்போது மாடியில் கேலம் இருக்கிறான்.
தாள் சுத்தம். வாடகை முதல் தேதியே வந்துவிடுகிறது.
நேற்று படியிலிருந்து கத்தினான்,
சுடுதண்ணீர் வரவில்லையாம்.

வரும், எண்ணிப் பார் என்றேன்.
எதுவரைக்கும் என்று கேட்டான்.