இரண்டு மில்லிமீட்டர்

கடைசிப் பனி உருகிய வாரம்
ஜமீர்பெக் என் வண்டிக்கு
இரும்புக் காப்பு மாட்டித் தந்தான்.
துளையோடு துளை சேரவில்லை.
கடப்பாரையால் நெம்பி, சுத்தியலால் ஓர் அடி.
போல்ட் உள்ளே போனதும்
கையைத் துடைத்துக்கொண்டான்:
"இனி மலையே விழட்டும் பெர்மெத்,
எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது."

மலை விழவில்லை.
வேகம் அறுபதைத் தொட்டதும்
கண்ணாடிக்குள் இரண்டாகப் பிளந்தது.
எழுபத்தைந்தில் மறுபடி ஒன்றானது.
ஆனால் நாரினிலிருந்து மேய்ச்சல் மேட்டுக்குப் போகும் சாலை
எழுபத்தைந்துக்கு யாரை விட்டது?

பின்பெட்டியில் தடுப்பூசிக் குப்பிகள்
பல் தந்தியடித்தபடியே வந்தன.
ஐபெரி நீட்டிய தேநீர்க் கிண்ணம்
சுடுகிறதா ஆறிவிட்டதா, விரலுக்குத் தெரியவில்லை.
சினை ஆட்டின் தொடையிடுக்கில் நாடி பிடித்தேன்.
துடித்தது ஆடா, என் கையா?
அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு
திரும்ப எண்ணினேன்.

பெட்ரோல் கலப்படம் என்றார் ஐபெரியின் கணவர்.
சங்கிலி என்றான் அவர் மகன்.
வயசு என்றாள் ஐபெரி.
வண்டிக்கா எனக்கா என்று கேட்கவில்லை.

வாயில்லா ஜீவனுக்கு வைத்தியம் பார்ப்பவள் நான்.
எங்கே வலிக்கிறது என்று அது சொல்லாது,
எங்கெல்லாம் வலிக்கவில்லை என்று
தொட்டுத் தொட்டுத்தான் வர வேண்டும்.

இரவு, கொட்டகையில்,
வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் முறுக்கினேன்.
நின்ற இடத்திலேயே நடுங்கியது.
சரி, சக்கரமில்லை. சங்கிலியுமில்லை, பையனிடம் சொல்ல வேண்டும்.
காற்றுத் தடுப்பைக் கழற்றினேன், அதே நடுக்கம்.
கைப்பிடிக் கவசத்தைக் கழற்றினேன், இன்னும் கூடியது;
மன்னிப்புக் கேட்காமல் திரும்ப மாட்டினேன்.

கடைசியாக இரும்புக் காப்பின் கீழ் போல்ட்.
பாதி மரைதான் திருகியிருப்பேன்,
டங்கென்று துள்ளி விலகியது.
ஒன்றையொன்று பார்க்க மறுத்த இரண்டு துளைகள்.
எஞ்சினைக் காப்பதாகச் சொன்ன இரும்பை
இத்தனை நாளும்
எஞ்சின்தான் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

அரத்தை எடுத்தேன்.
இரண்டு மில்லிமீட்டர். அவ்வளவுதான்.
அதற்கு ஒன்றே கால் மணி நேரம், ஒரு கொப்புளம்,
கம்பளிக் காலுறையெல்லாம் இரும்புத் தூள்.
காப்பின் போல்ட்டுகளை விரலால் மட்டும் பூட்டி,
எஞ்சின் போல்ட்டை முதலில் முறுக்கி,
எஞ்சின் அதன் இடத்தில் உட்கார்ந்த பிறகே
மற்றதையெல்லாம் இறுக்கினேன்.

காலையில், அறுபத்தைந்தில்,
கண்ணாடிக்குள் ஒரே மலை.
அதன் சரிவில் யாருடையதோ ஒரு குதிரை.
உள்ளங்கையில் மெல்லிய அதிர்வு மிச்சமிருந்தது;
அது ஒற்றை சிலிண்டருக்கு உரியது,
அதில் எனக்கு வழக்கில்லை.

மதியம் ஜமீர்பெக் தொலைபேசியில் வந்தான்.
"காப்பு எப்படி?"
"கெட்டியாக இருக்கிறது" என்றேன்.
குப்பிகள் வாய் திறக்கவில்லை.