படியில் நிற்பவர் உள்ளே வரவும்

இருபத்திரண்டு வருஷம் கத்திப் பிழைத்த தொண்டை.
கார்த்திகைக் கூட்டத்தில், குன்றத்து வாசலில்
முன்படியிலிருந்து குரல் விட்டால்
பின்படியில் காதைப் பொத்துவார்கள்.
அந்தத் தொண்டையில்தான்
டிப்போ ஷெட்டில் மூன்று பெஞ்சைச் சேர்த்துக் கட்டிய மேடையில்
எச்சில் இறங்கவில்லை.

சேவுகப்பெருமாள் அண்ணனுக்குப் பணி ஓய்வு.
"கூட ஓடினவன் நாலு வார்த்தை பேசு" என்றார் மேலாளர்.
அக்கா மகன் அதை நாற்பது வரியாக்கித் தந்தான்.
மூன்று ராத்திரி, மொட்டைமாடியில்
தண்ணீர்த் தொட்டியிடம் ஒப்பித்தேன்.
தொட்டி குறுக்கே பேசவில்லை.
மழை மாதிரி வந்தது.

மைக் முன்னால்
கை எங்கே போவதென்று தெரியவில்லை.
இடது தோளில் பை இல்லை.
விரலிடுக்கில் நீளவாக்கில் மடித்த பத்து ரூபாய்கள் இல்லை.
அப்புறம் கால்.
பிரேக்குக்கு முன்பே சாயத் தெரிந்த கால்
அசையாத பலகைமேல் கிடுகிடுத்தது.
ஓடுகிற தரையில் நின்று பழகியவன் நான்.
நிற்கிற தரை என்னைத் தள்ளிவிடப் பார்த்தது.

எதிரே நூற்றுச் சொச்சம் முகம்.
தினமும் பார்க்கிற கூட்டம்தான் அது.
ஆனால் வண்டியில் அவரவர்
ஜன்னலைப் பார்ப்பார்கள், போனைப் பார்ப்பார்கள்,
நான் தரவேண்டிய சில்லறையைப் பார்ப்பார்கள்.
என்னை யாரும் பார்த்ததில்லை,
இப்படி, எல்லாரும் ஒரே நேரத்தில்.

தாளைப் பிரித்தேன். எழுத்தெல்லாம் எறும்பாக ஓடின.
மைக் கீச்சிட்டது.
பின்வரிசையில் மெக்கானிக் இருளாண்டி,
"என்ன கண்டக்டரே, வண்டி எடுக்கலையா?"
சிரிப்பு.
ஓடிவிடலாம், மூன்று எட்டுதான்.
விழாமலிருக்க மைக் கம்பியைப் பிடித்தேன்.
சில்லென்று, வழுவழுவென்று
கைக்கு அது யாரென்று தெரிந்துவிட்டது.
வாய் தானாகத் திறந்தது:
"பசுமலை, மூலக்கரை, பழங்காநத்தம்..."

யாரும் சிரிக்கவில்லை.
எனக்கே விளங்கவில்லை.
ஆனால் பசுமலை என்றதும் பசுமலை வந்தது.
பரீட்சைக்கு ஓடிவந்த பிள்ளைக்காக
ஸ்டாப் தாண்டி நின்ற வண்டி,
பின்னால் அலறிய கார்களுக்கு
அண்ணன் கண்ணாடி வழியாகப் போட்ட கும்பிடு.
கிரைம் பிராஞ்ச் என்றதும் எங்கள் சண்டை.
எண்பது ரூபாய் கணக்கில் இடித்து
ஆறு நாள் முகம் பார்க்காமல்
விசிலில் மட்டுமே பேசிக்கொண்டோம்:
ஒன்று என்றால் நில்,
இரண்டு என்றால் போ.

சிம்மக்கல் தாண்டிப் பாலத்தில்
வைகையில் தண்ணீர் வந்த அன்று
மாட்டுவண்டி வேகத்தில் உருட்டினார்,
உட்கார்ந்திருந்தவர்களும் எழுந்து பார்க்கட்டுமென்று.
அதற்கு ஒரு மெமோ வாங்கினார் என்றேன்.
முன்வரிசையிலிருந்து அவர் மனைவி,
"மெமோவா? எங்கிட்ட சொல்லவே இல்லையே!"
ஷெட்டே குலுங்கியது.
அண்ணன் கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டே
கீழே பார்த்தார்.

மாட்டுத்தாவணி வந்ததும் பேச்சு நின்றுவிட்டது.
அதற்குமேல் எங்கே போக?
முடிவுரை தாளில் இருந்தது, தாள் எங்கோ கிடந்தது.
"எல்லாரும் இறங்குங்க" என்றேன்.
இறங்கியபோதுதான் கவனித்தேன்,
சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

பயம் போயிற்றா என்று கேட்டால், இல்லை.
இன்று சாயங்காலம் சங்கக் கூட்டம்,
என்னையும் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.
விடிந்ததிலிருந்து அது வந்து
வயிற்றில் ஒற்றைக்காலில் தொங்குகிறது.
இறக்கிவிட முடியாது, அதுவும் தினப் பயணி.
"படியில நிக்காத, உள்ள போ" என்றேன்.
போகவில்லை, கொஞ்சம் நகர்ந்து நின்றது.

சட்டைப் பையில் இந்தத் தடவை துண்டுத் தாள்:
நாலு நிறுத்தம்,
நடுவில் டீ குடிக்க ஓர் இடம்.