பதினாறு மில்லிநொடி

ஒரு நொடியை அறுபதாக அரிந்தால்
துண்டுக்குப் பதினாறு மில்லிநொடி, கொஞ்சம் பிசிறு.
அதற்குள் எல்லாம் நடந்தாக வேண்டும்:
பந்து உருள, கால்கள் மோத,
மழை பெய்ய, வலை அசைய,
எண்பதாயிரம் பேர் கத்த.
தாண்டினால் திரை திக்கும்.
திக்கினால் ஊரெல்லாம் திட்டும்.

புக்கரெஸ்டில், டிராம் பணிமனைக்கு எதிரே, நான்காம் மாடியில்
எனக்குப் பந்து.
இலின்காவுக்குக் கூட்டம்.

என் பந்துக்கு எடை உண்டு.
ஈரப்புல்லில் இரண்டாம் முறை எழும்போது
முதல் எழும்பலை அது ஞாபகம் வைத்திருக்கும்.
ஒன்றரை வருடம் அதற்கே போயிற்று.
அழகு என்று ஒருவரும் சொன்னதில்லை.
கட்டைவிரலுக்கு மட்டும் தெரிகிற வேலை.

அவள் ஆட்களுக்கு முதுகு கிடையாது.
காமிரா போகாத பக்கத்துக்கு யார் செலவழிப்பார்கள்?
மொத்தம் இருபத்திரண்டு முகம்;
தொப்பி மாற்றி மஃப்ளர் மாற்றி
அரங்கத்தை நிரப்பிவிடுவாள்.
கோல் என்றால் எழுவார்கள்.
இல்லையென்றால் எங்கேயோ பார்த்தபடி
உட்கார்ந்திருப்பார்கள்.

செப்டம்பரில் என் மேசைக்கு வந்தாள்.
"இரண்டு மில்லிநொடி கொடு."
"எதற்கு?"
"இவர்கள் பந்தைப் பார்க்க வேண்டும்."

சிரித்துவிட்டேன்.
வாங்கியவன் முதல் வாரம் உன் கூட்டத்தைப் பார்ப்பான்,
இரண்டாம் வாரம் அதைத் தாண்டப் பொத்தானை அழுத்துவான்,
மார்ச் மாதத்திலும் அவன் விரலடியில் இருக்கப்போவது
என் பந்து, என்றேன்.
சொன்னதில் பொய்யில்லை.
காபியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நவம்பரில் ஒரு மூன்றாம் பிரிவு ஆட்டம்,
நகருக்கு வெளியே எண்ணெய் ஆலைப் பக்கம்.
மைத்துனன் டோரெல் மாற்று கோல்கீப்பர்; அதனால்தான் போனேன்.
முந்நூறு பேர் இருப்போம்.
காலடியில் சூரியகாந்தி விதைத் தோல், கணுக்கால் அளவு.
இருபதாம் நிமிடத்தில் மூடுபனி இறங்கியது.
முதலில் தூரத்து கோல்கம்பம் போயிற்று,
அப்புறம் நடுவட்டம்,
அப்புறம் பந்து.
நடுவர் நிறுத்தவில்லை. அவருக்குக் கடைசி பஸ் இருந்திருக்கும்.

வெறும் வெள்ளை. உள்ளே எங்கோ ஓர் உதை, ஒரு வசவு.
அப்போது என் வரிசையின் அந்தக் கோடியில்
ஒருவர் தலை திரும்பியது.
அவருக்கு அடுத்தவர். அதற்கடுத்த சிவப்புத் தொப்பி.
விதை கொறிப்பதை நிறுத்தாமல்
கழுத்திலிருந்து கழுத்துக்குக் கைமாறி
பந்து என்னிடம் வந்துகொண்டிருந்தது,
தாழ்வாக, வேகமாக, கொஞ்சம் வெளிப்பக்கம் வளைந்து.
என் முறை வந்ததும் நானும் திரும்பினேன்.
எதையும் பார்க்கவில்லை.
எடை தெரிந்தது.

திங்கட்கிழமை வலையின் அசைவில் ஒன்று பிடுங்கி
பந்தில் அரை கிள்ளி
அவளிடம் போனேன்.
"இரண்டு கேட்டேன்."
"ஒன்றரைதான்."
முதல் சோதனையில் எல்லோரும்
நடுவரின் இடது காலணியையே பார்த்தார்கள்.
மூன்றாம் நாள் முன்னால் ஒன்பது வரிசையும்
பந்தோடு திரும்பின.
யாரும் பேசவில்லை. யாரோ எழுந்து விளக்கை அணைத்தார்கள்,
இன்னும் தெளிவாகத் தெரியட்டும் என்று.

டிசம்பரில் வோய்கித்சா அம்மையார் கூட்டம் போட்டார்.
எல்லைக்கோட்டு விளம்பரப் பலகைகள் ஒளிர வேண்டுமாம்,
வாசகம் ஓட வேண்டுமாம், பணம் வந்துவிட்டதாம்.
அவளிடமிருந்து ஒன்றரை.
என்னிடமிருந்து ஒன்று.

வெளிவந்த ஆட்டத்தில் என் பந்துக்கு மறதி.
கூட்டம் எங்கேயோ பார்க்கிறது.
பலகையில் ஒரு வங்கியின் பெயர்
மீன்போல் நீந்திப் போகிறது.

ஒருவனை மட்டும் அவள் விட்டுவைத்திருக்கிறாள்.
வடக்கு மூலை, பதினான்காம் வரிசை, பழுப்பு மஃப்ளர்.
ஓர் ஆளின் செலவு எந்தக் கணக்கிலும் ஏறாது.
சொல்லவில்லை; நானாகக் கண்டுபிடித்தேன்.
இரவில் வீட்டில் தனியாக ஆடும்போது
பந்தை அந்த மூலைக்கு ஓட்டிப்போய்
இப்படியும் அப்படியும் உருட்டுவேன்.
திரும்புகிறான். மறுபடியும் திரும்புகிறான்.
பெரும்பாலும் அந்நேரம் நான்
இரண்டு கோல் பின்தங்கியிருப்பேன்.